சிங்க்குக்குக் கீழே நைனா சுற்றிய நூல்

எது ஒழுகினாலும் நாலு சுற்று நூல் போதும் என்று நம்பிய என் நைனாவுக்கு,

கடைவீதி ஹார்ட்வேர் கடைக்காரர் உனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். புதுக் கடை அது. உன்னை அவருக்குத் தெரியாது. நீ இல்லை என்பதும் தெரியாது. "வீட்டுக்குப் போய்ச் சொல்லு" என்றார், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தலையாட்டின பாவத்துக்குத்தான் இந்தக் கடிதம். சேதி வரவேண்டிய இடத்தில் வரும். இப்போதே சொன்னால் நீ பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவாய்.

தசரா லீவுக்குத் திருப்பதி ஹாஸ்டலிலிருந்து நகரிக்கு வந்து ஆறு நாளாகிறது. நீ போன பிறகு இத்தனை நாள் சேர்ந்தாற்போல வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. அம்மா இப்போது வேலைக்குப் போகிறாள். காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறினால் திரும்பி வர ஏழு ஏழரை ஆகிவிடும். அதுவரை வீட்டில் நானும் சிங்க்கும்தான். நான் ஏதாவது சொன்னால், அது கீழே இருக்கும் பக்கெட்டில் 'சொட்' என்று பதில் சொல்லும். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் பெண் அந்த அளவுக்குக்கூடப் பேசுவதில்லை.

குறும்பை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. போன மாசம் வார்டன் செருப்புக்குள் ஐஸ்கட்டி வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். உன்னை மாதிரி மறுநாள் காலையிலும் நினைத்து நினைத்து, பல் விளக்கிக்கொண்டே புரையேறுகிற ஆள் அங்கே ஒருத்தரும் இல்லை. நீ வேலை செய்த தறி ஷெட்டில் கரண்ட் போனபோது நான் வாசலில் நின்று "கரண்ட் வந்துடுச்சி" என்று கத்தி, டீக்கடையிலிருந்து அத்தனை பேரையும் ஓடி வரவைத்தேனே, நினைவிருக்கிறதா? எல்லாரும் என்னைத் திட்டினார்கள். நீ மட்டும் தறி மேலே சாய்ந்துகொண்டு சிரித்தாய். உனக்கும்தானே ஓடி வந்து மூச்சு வாங்கியது?

சரி, சிங்க்குக்கு வருகிறேன்.

நாலு வருஷம் முன்னால், குனிந்து பாத்திரம் துலக்கி அம்மாவுக்கு முட்டி போய்விட்டது என்று நீ அந்த ஸ்டீல் சிங்க்கை வாங்கி வந்து நீயே மாட்டினாய். மாட்டின அன்றைக்கே அதற்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. சிங்க்கின் அடி வாயும் வேஸ்ட் பைப்பும் சேருகிற இடத்தில் ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு. இன்னொருத்தராக இருந்தால் ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். நீ ஷெட்டிலிருந்து கழிவு நூல் எடுத்து வந்து, மூட்டு மேலே சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாய். "நூலு ஊறுனா இறுகும். இறுகுனா நின்னுடும்" என்றாய். தறிக்காரர் வீட்டில்தான் இப்படி ஒரு வைத்தியம் நடக்கும். அது ஒரு வாரம் நிற்கும். பிறகு ஊறி, குடித்த தண்ணீரையெல்லாம் வைத்துக்கொண்டு, முன்பைவிட நன்றாகவே நாள் முழுக்கச் சொட்டும். மறுபடி ஞாயிற்றுக்கிழமை நீ கீழே படுப்பாய், மேலே இன்னும் நாலு சுற்று. நான் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"சிங்க்குக் கீழ படுத்துக்கினு கீது பாரு ஒரு சிங்கம்" என்பேன். "அரப் பிளம்பரு" என்பேன். "ஒழுங்கா மாட்டுனா ஒழுகாது நைனா" என்பேன். இந்தக் கடைசி வசனத்தை எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பேன்? நீ பதிலே சொன்னதில்லை. நூலை மட்டும் இழுத்துக்கொண்டிருப்பாய்.

லீவுக்கு வந்த இரண்டாம் நாள் ஷெட் மாமா வந்தார். உன்னைப் பதினாறு வருஷம் வேலைக்கு வைத்திருந்த அதே மாமாதான். அவருடைய நூல் கோன் பெட்டிகள் நம் சமையல் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருக்கின்றன, தெரியுமே.

"இன்னா பாப்பா இது, செவுரு முழுக்க ஊறிக்கினு கீது. ரெண்டு பொட்டி நூலு பூத்துப் போச்சு" என்றார்.

"செவுத்துக்கு உங்களப் பாத்தா பயம் மாமா. வேர்க்குது."

"உங்க நைனா வாய் அப்படியே வந்து கீது உனக்கு." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம பிளம்பர இட்டாறேன்மா. அந்த நூலுக் கட்டோட பைப்ப அறுத்துக் கடாசிட்டு, புச்சா போட்டுடலாம். ஒரு மணி நேர வேல."

மாமா மேல் தப்பில்லை. நூல் பூத்துப்போனால் அவர் என்ன செய்வார்? ஆனால் அவர் 'அறுத்து' என்றுவிட்டாரே. நம் தெருவில் நூல் அறுந்தால் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முதலில் அதை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். நீ கட்டினதை ஒரு வெளி ஆள் பிளேடு வைத்து அறுப்பானா?

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் பக்கெட்டை வெளியே கொட்டிவிட்டு வந்து, அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.

"அதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றாள்.

"மாமா கோன் நனையுதாம்மா."

சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு, "அப்ப அறுக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றாள். அவ்வளவுதான். பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நானே அவிழ்த்து, நானே சரிசெய்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். ஒரு இழைகூட அறுக்காமல்.

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மா வண்டி ஏறினதும் போனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவிலும் பைப் பளபளவென்று இருக்கிறது. ஒருத்தர் வீட்டிலும் பைப்புக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கவில்லை. பக்கெட்டைத் தள்ளிவிட்டு, நீ படுக்கிற மாதிரியே மல்லாந்து படுத்தேன். எழுந்தபோது நீ இடித்துக்கொள்கிற அதே இடத்தில் இடித்துக்கொண்டேன். "அம்மாடி" என்று கத்தினேன். யார் வருவார்கள்? திரும்பப் படுத்தேன்.

முனையைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆனது. நீ அதை உள்ளே சொருகி வைத்திருந்தாய். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. மேலே வெள்ளையும் சிவப்பும். நீ கடைசியாக ஓட்டின துண்டு. அதற்குக் கீழே கிளிப்பச்சை; நான் டென்த் எழுதினபோது ஓடின சேலை. அதற்கும் கீழே மாம்பழ மஞ்சள், அப்புறம் லுங்கி நீலம். எந்த மாசம் எந்த உருப்படி ஓடியது என்று பைப் மேலேயே எழுதி வைத்திருக்கிறாய். நம் வீட்டில் புத்தகம் இல்லையென்று யார் சொன்னது? சிங்க்குக்குக் கீழேயே ஒரு நூலகம் இருக்கிறது. இதைச் சத்தமாகவே சொன்னேன் நைனா. சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், நீ சிரிக்க வேண்டிய நேரத்துக்கு இடம் விட்டுக் காத்திருந்தேன்.

சொட்டுதான் விழுந்தது.

நீலத்துக்குக் கீழே இருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. முதல் வருஷத்து நூல் நாலு வருஷம் தண்ணீர் குடித்துக் கறுத்து, சேறாகியிருந்தது. விரல் பட்டதும் பிசுபிசுவென்று பிரிந்து வந்தது. முடிச்சுப் போடக்கூட இழை இல்லை. அறுக்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நான் அறுக்கவில்லை, அதுவே கரைந்துபோயிருந்தது. அதை ஒரு காகிதத்தில் எடுத்து வைத்தேன்.

பிறகு நட்டைத் துணி சுற்றிக் கையாலேயே திருகினேன். வந்துவிட்டது. கூடவே கறிவேப்பிலை, பருக்கை, பேர் தெரியாத குழம்பெல்லாம் என் முழங்கை வழியாக வந்தன. நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன், கடிதத்தை அம்மாவும் படிக்கலாம். பைப்பின் வாயில் ரப்பர் வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. நசுங்கி, ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருந்தது. அதைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனேன்.

"ஏம் காவாலம்மா?" என்ன வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார் கடைக்காரர். வாஷரைக் காட்டி, இதே சைஸ் வேண்டும் என்றேன். அவர் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இதி தலகிந்துலு பெட்டினாரும்மா. எவரு பெட்டினாரு?"

தலைகீழாக வைத்திருக்கிறார்கள், யார் வைத்தது என்று கேட்கிறார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மா நாயன" என்றேன். எங்கள் அப்பா. சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

புது வாஷரை விரல்மேல் நிறுத்திக் காட்டினார். ஒரு பக்கம் சரிவாகக் குறுகியிருந்தது, மறுபக்கம் தட்டை. குறுகின பக்கம் மேலே, சிங்க்கின் வாயைப் பார்த்து இருக்க வேண்டும். தட்டைப் பக்கம் கீழே, நட்டைப் பார்த்து. கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் விரிந்துவிடும். அப்புறம்தான் அந்தச் சேதி: "மீ நாயனகி செப்பு. ஈசாரி சரிகா பெட்டமனு." உங்கப்பாவிடம் சொல்லு, இந்தத் தடவை சரியாக வைக்கச் சொல்லு.

சரி என்று தலையாட்டினேன்.

ரயில்வே கேட் போட்டிருந்தது. சென்னைப் பக்கம் போகிற வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். சும்மா நின்றதால்தான் ஞாபகம் வந்தது. நடந்துகொண்டே இருந்திருந்தால் வந்திருக்காதோ என்னவோ.

சிங்க் மாட்டின அன்றைக்கு நீ கீழே படுத்திருந்தாய். நான் எட்டாம் கிளாஸ். டார்ச் பிடித்துக்கொண்டு, "நானும் எதனா மாட்றேன் நைனா" என்று உயிரை வாங்கினேன். நீ பைப்பையும் வாஷரையும் என் கையில் கொடுத்து, "இந்தா, நீயே போடு" என்றாய். எனக்கு அவசரம். நீ நட்டை இறுக்கும்போது மேலே குழாயைத் திறந்துவிட வேண்டும், தண்ணீர் உன் மூஞ்சியில் விழ வேண்டும் என்று திட்டம். வாஷரை எப்படி வருகிறதோ அப்படித் தள்ளிவிட்டு உன்னிடம் நீட்டினேன். நீ இறுக்கினாய். நான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். நீ தும்மிக்கொண்டே எழுந்து, தலையை இடித்துக்கொண்டு, சிரித்தாய்.

தலைகீழாக வைத்தது நான், நைனா.

ரயில் போயிற்று. கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "போம்மா, வண்டி போயி எவ்ளோ நேரமாச்சி" என்றார்.

ஆஸ்பத்திரியில் உன் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது நீ அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பாரும்மே, எப்படி அளந்து வுடுது. இத மாட்டுனவன் முழுப் பிளம்பரு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ஒழுங்கா மாட்டுனா ஒழுகாது நைனா" என்றேன். நீ சிரித்தாய், உடனே இருமல் வந்தது, நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார். நான் உன்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். நாலு வருஷமாக நான் செய்த தப்பை உன் தலையில் போட்டது போதாது என்று, நேற்று ஒரு கடைக்காரரிடமும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல். உனக்குத் தெரியுமா? கழற்றித் திருப்பி வைத்தால் இரண்டு நிமிஷ வேலை. தெரியாமல்தான் நூலைச் சுற்றினாயா? இல்லை, தெரிந்தேதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழே படுத்தாயா?

வீட்டுக்கு வந்து புது வாஷரை மாட்டினேன். குறுகின பக்கம் மேலே. மாட்டும்முன் மூன்று தடவை பார்த்தேன். கையால் இறுக்கினேன். சிங்க்கை நிரப்பி, அடைப்பைச் சட்டென்று எடுத்தேன். தண்ணீர் சுழன்று இறங்கியது. ஓடிப்போய்க் கீழே படுத்து, மூட்டைச் சுற்றிக் காகிதத்தை வைத்து ஒற்றிப் பார்த்தேன். காய்ந்த காகிதம். இன்னொரு தடவை நிரப்பினேன். அப்போதும் காய்ந்த காகிதம்தான்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தது. பிறகு, "பாத்தியா" என்றேன். பதில் இல்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை நைனா. அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது அவர்கள் சத்தம். நம் வீட்டுச் சத்தத்தை நான் நிறுத்திவிட்டேன்.

நூலை அலசி, கொடியில் காயப் போட்டேன். வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். கொடிக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்த் திரும்பி வந்தது.

ஏழரைக்கு அம்மா வந்தாள். கொடியைப் பார்க்கவில்லை, இருட்டிவிட்டது. செருப்பைக் கழற்றினாள், நேராக சிங்க்குக்குப் போனாள், குனிந்து பக்கெட்டைத் தூக்கினாள். நிறைந்திருக்கும் என்று நினைத்து வேகமாக இழுத்திருக்கிறாள். காலிப் பக்கெட் தோள்வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே நின்றாள்.

"அறுக்கலம்மா. அவுத்துட்டேன். கொடியில கீது. அடி நூலு மட்டும் கரஞ்சி போயிருந்திச்சி" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வாஷரை, கடைக்காரரை, ரயில்வே கேட்டை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ ஆஸ்டலுக்குப் போயிட்ற. நான் வந்து கதவத் தொறந்தா அந்தச் சத்தம் கேக்கும். வூட்ல ஆளு கீற மாதிரி இருக்கும்" என்றாள்.

எனக்கு இது தோன்றவே இல்லை நைனா. மாமாவின் கோனை யோசித்தேன், உன் முடிச்சை யோசித்தேன். இவள் தினமும் ஏழரைக்குக் கதவைத் திறப்பதை யோசிக்கவில்லை.

"வேணும்னா நட்ட ஒரு சுத்து லூசு பண்ணி வுடட்டுமா?" என்றேன். நிஜமாகத்தான் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. ஒன்பது மாசத்தில் முதல் தடவை.

"வேணாம். புள்ள மாட்டுனது மாட்டுனபடியே இருக்கட்டும்" என்றாள். சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். "உங்க நைனாவும் இதத்தான் சொன்னாரு. ஒரு வாட்டி நான் சண்ட போட்டேன், ஆளக் கூப்ட்டு சரி பண்ணுய்யான்னு. 'அது புள்ள மாட்டுனது. ஆளு வந்து பாத்தா சிரிப்பான்'ன்னாரு."

இதற்கு மேல் அம்மாவுக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று புரிந்தது. நீ என் வாஷரை வெளி ஆளுக்குக் காட்டவில்லை. நான் உன் முடிச்சை வெளி ஆளுக்குக் காட்டவில்லை. இதில் நாம் இருவரும் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை, பார்த்தாயா?

இன்றைக்குக் காலையில் ஷெட் மாமாவிடம் பிளம்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வந்து கீழே குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "யாரு பண்ணது?" என்றார். "அரப் பிளம்பர் மக" என்றேன். காய்ந்த நூலை அம்மா சுருட்டி, உன் துண்டு மடிப்புக்குள் வைத்திருக்கிறாள். தினமும் ஏழரைக்கு நான் ஹாஸ்டலிலிருந்து போன் செய்வதாகப் பேசியிருக்கிறோம். அவள் கதவைத் திறக்கும்போதே போன் அடிக்க வேண்டும். பேச்சு எதுவும் இல்லையென்றால் 'சொட், சொட்' என்று சொல்லிக்கொண்டிருப்பேன், பரவாயில்லை.

திங்கட்கிழமை நான் திருப்பதி திரும்ப வேண்டும். முதல் பஸ் ஏழு மணிக்கு. ஹார்ட்வேர் கடை தசராவுக்கு இன்றைக்கும் நாளைக்கும் லீவு, திங்கட்கிழமை ஒன்பதுக்குத்தான் திறக்கும். பத்து மணி பஸ்ஸில் போகிறேன். காலைக் கிளாஸ் எல்லாம் போனால் போகட்டும். கடைக்காரரிடம் போய், நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன், ஆனால் அன்றைக்கு நான் சொன்னது பொய், வாஷரைத் தலைகீழாக வைத்தது எங்கள் நாயன இல்லை, நான்தான் என்று சொல்லப் போகிறேன். கடையில் எத்தனை பேர் நின்றாலும் சொல்வேன். இது சத்தியம் நைனா, விளையாட்டில்லை.

அவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நீ அண்ணாந்து படுத்திருந்தபோது குழாயைத் திறந்துவிட்டவள்,
உன் மக.